கீனாய் ஆற்றில் மீன்பிடிக்கப் போகிறோம்: கரடிக்கு எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?

ரென்டன் செந்தில் | ஏப்ரல் 14

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரம் அலாஸ்கா போகிறோம். கீனாய் ஆறும் ரஷ்யன் ஆறும் சேரும் இடத்தில் சாக்கை சால்மன் இரண்டாம் முறை ஏறி வரும் நேரம் அது. நான், என் 14 வயது மகன், இரண்டு நண்பர்கள். நான்கு இரவு கூடாரம். அந்தக் கரையில் பழுப்புக் கரடி, கருங்கரடி இரண்டுமே நடமாடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது.

எனக்கு கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை துப்பாக்கி வைத்திருந்ததில்லை. நண்பரோடு ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய் இரண்டு தடவை 9 எம்.எம். சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது மூன்று பெயர் மனதில் இருக்கிறது: கிளாக் 20 (10 எம்.எம்.), ஸ்மித் அண்ட் வெசன் 629 (.44 மேக்னம்), இல்லையென்றால் ஏதாவது ஒரு .357 ரிவால்வர். கடையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீட்டில் துப்பாக்கி இருப்பதில் மனைவிக்கு விருப்பமில்லை. மகனும் கூட வருவதால்தான் ஒத்துக்கொண்டாள். அதனால் சும்மா வாங்கிப் பார்ப்போம் என்று கேட்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொஸ்மன் பிரபு | ஏப்ரல் 14

செந்தில், நான் மோன்டானாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மேடிசன், கலட்டின் ஆறுகளில் டிரவுட் பிடிக்கப் போகும்போதெல்லாம் நெஞ்சில் கிளாக் 20 இருக்கும். அதையே வாங்குங்கள் என்பேன்.

.44 மேக்னத்தின் அடி கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரிவால்வரில் ஆறு தோட்டாதான். புதிதாகச் சுடுகிறவர் முதல் தோட்டாவின் உதையில் குழல் மேலே போய், அதை இறக்கி மறுபடி குறி வைக்கும் நேரத்துக்குள் கரடி வந்துவிடும். கிரிஸ்லி (பழுப்புக் கரடிதான்) மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 20 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் வினாடி போதும். அந்த நேரத்தில் பெரிய தோட்டா ஒன்று தவறிப்போவதைவிட நடுத்தரத் தோட்டா இரண்டு படுவது மேல்.

10 எம்.எம். உதை தாங்கக்கூடியது. நிரப்பினாலும் எடை ஏறக்குறைய ஒரு கிலோதான். கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகிற டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் பிரிவு, வெள்ளைக் கரடிக்காக இடுப்பில் வைத்திருப்பதும் கிளாக் 20தான். அவர்கள் உயிரை நம்பிக் கொண்டுபோகிற பொருள் அது.

தோட்டாவில் மட்டும் கவனம். வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கிற, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் வேண்டாம். அது சதைக்குள் போனதும் விரிந்து நின்றுவிடும். கரடிக்குக் கொழுப்பு, தசை, தடித்த எலும்பு எல்லாம் தாண்டி ஆழமாகப் போக வேண்டும். 200 அல்லது 220 கிரெயின் (13, 14 கிராம்) எடையில், தட்டை முனை வைத்த கடின ஈய வார்ப்புத் தோட்டா. ஹார்ட் காஸ்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

டாலஸ் ரவி | ஏப்ரல் 14

செந்திலுக்குப் பிரச்சினை இல்லை, அவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எச்1பி, எச்4, எஃப்1, எல்1 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருப்பதே குற்றம். வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதே விதிக்குள்தான் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு. மீன்பிடி உரிமம் அதற்கு ஆகாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாட்டைவிட்டு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு.

செந்தில், உங்களோடு வரும் இரண்டு நண்பர்களின் விசா என்ன? கூடாரத்தில் "கொஞ்சம் பிடி" என்று அவர்கள் கையில் கொடுத்தாலே சிக்கல். போகும் முன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

தூண்டில்காரன் | ஏப்ரல் 15

ரவி சொன்னது முக்கியம். நானும் ஒன்பது வருடம் எச்1பியில் இருந்தவன்.

துப்பாக்கிக்கு வருகிறேன். நான் செய்த தப்பை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கார்டு வந்த வருடமே ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன் வாங்கினேன், .454 கசூல். பெயரிலேயே அலாஸ்கா இருக்கிறது, கரடிக்கென்றே செய்தது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். இரண்டரை அங்குலக் குழல், வெறும் துப்பாக்கியே ஒன்றேகால் கிலோ.

முதல் நாள் ரேஞ்சில் ஐந்து தோட்டா சுட்டேன். முதல் தோட்டாவிலேயே பிடி உள்ளங்கையில் திரும்பி, கட்டைவிரல் அடியில் தோல் கிழிந்தது. இரண்டாவதற்குக் கண் தானாக மூடியது. மூன்றாவதில் விசையை அழுத்தும் முன்பே மணிக்கட்டு கீழே இறங்கியது. உதையை எதிர்பார்த்து உடம்பு பயப்படும்போது அப்படித்தான் ஆகும். 7 மீட்டர் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுத் தாளில் ஒன்றுதான் பட்டது. அதுவும் நின்று நிதானமாக, காதடைப்பான் போட்டுக்கொண்டு, எதிரே எதுவும் ஓடி வராத நிலையில்.

அதன் பிறகு அந்தத் துப்பாக்கியோடு பயிற்சி செய்யவே மனம் வரவில்லை. ஒரு பெட்டித் தோட்டாவின் விலையும் பயமுறுத்தியது. பயிற்சி செய்யாத துப்பாக்கியை மூன்று கோடை ஆற்றுக்குத் தூக்கிப் போனேன். இப்போது நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது, பக்கத்தில் நின்றவர்களுக்கும் நான் ஆபத்தாகத்தான் இருந்திருக்கிறேன். அதை விற்றுவிட்டு நாலு அங்குல .357 வாங்கினேன். அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலும் போடலாம். பயிற்சிக்கு .38, காட்டுக்கு .357 கடின ஈயம். மாதம் 100 தோட்டாவாவது சுடுகிறேன்.

2016இல் அலாஸ்காவில் மீன்பிடிக்க வந்தவர்களைக் கூட்டிப்போன ஒரு வழிகாட்டி, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியைச் சாதாரண 9 எம்.எம். கைத்துப்பாக்கியால் கொன்றார். ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கரடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர், உள்ளே போட்டிருந்ததும் ஆழமாகத் துளைக்கும் கடின ஈயம். அதைப் பார்த்துவிட்டு 9 எம்.எம். போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் பழகிய கை என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சோல்டாட்னா அகிலா | ஏப்ரல் 16

செந்தில், நீங்கள் வரப்போகிற ஆற்றிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் 11 வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவரும் நானும் ஒவ்வொரு ஜூலையும் அந்தக் கரையில்தான் நிற்போம். நீங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள், நான் மீனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

அந்த இடத்துக்குக் கரடி வருவது உங்களுக்காக அல்ல, நீங்கள் சுத்தம் செய்து போடுகிற மீன் கழிவுக்காக. ஜூலை கடைசியில் காலை நான்கு மணிக்குப் போனாலே தோளோடு தோள் உரசிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். ஆளுக்கு மூன்று மீன் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை தலை, எத்தனை முள்ளு, எத்தனை முட்டைப் பை. அதை அப்படியே கரையோரத் தேங்கல் தண்ணீரில் விட்டால் மறுநாள் நாற்றம் காடு முழுக்கப் போகும். மீனைச் சுத்தம் செய்யாமல் முழுசாக எடுத்துப்போங்கள், அதுதான் நல்லது. செய்தே ஆக வேண்டுமென்றால் எலும்புக்கூட்டைத் துண்டு துண்டாக வெட்டி, வேகமாக ஓடுகிற நடு ஆற்றில் எறியுங்கள். பை, பிடித்த மீன், சாப்பாடு மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதாவது மூன்றடிக்குள். அந்தப் பகுதியில் இது விதியாகவே இருக்கிறது. பையைப் புதரில் வைத்துவிட்டு 30 மீட்டர் தள்ளி நின்று மீன்பிடிக்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரு தடவை ஒரு பையில் சோறு மணம் கிடைத்த கரடி அடுத்த பையைத் தேடி வரும். கடைசியில் அந்தக் கரடியைத்தான் சுடுவார்கள்.

தூண்டிலில் மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால் நூலை அறுத்துவிடுங்கள். துள்ளுகிற மீனின் சத்தம் அதற்குச் சாப்பாட்டு மணி. "இவ்வளவு பெரிய மீன், இழுத்துவிடலாம்" என்று யோசிக்கவே கூடாது. மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பையன்களுக்குத்தான் அந்த நேரத்தில் விட மனசு வராது.

அடுத்தது கரடியை விரட்ட அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே. கரடி ஸ்ப்ரே என்பது கைப்பையில் வைக்கிற மிளகு ஸ்ப்ரே கிடையாது. குறைந்தது 225 கிராம் கேன், 25 அடிக்கு மேல் மேகம் மாதிரி விரியும், ஏழெட்டு வினாடிக்குத் தீரும். கரடி 10 மீட்டரில் இருக்கும்போது கொஞ்சம் கீழ்நோக்கி இரண்டு மூன்று வினாடி அடித்தால் அதற்குள் ஓடி வந்து மாட்டிக்கொள்ளும். குறி தப்பும் கவலை குறைவு. பக்கத்தில் நிற்கும் மகன்மேல் பட்டால் கண் எரியும், மூச்சு திணறும், உயிர் இருக்கும்.

இன்னொன்று. அலாஸ்காவில் தற்காப்புக்குக் கரடியைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சாப்பாட்டையோ குப்பையையோ கவனமில்லாமல் போட்டு வரவழைத்த கரடியைச் சுட்டுவிட்டு அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. நியாயமாகச் சுட்டிருந்தாலும் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், நகத்தோடு தோலை உரிக்க வேண்டும், மண்டை ஓட்டை எடுக்க வேண்டும், இரண்டையும் ஒப்படைத்து 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். ரத்த வாடையில், அடுத்த கரடி வருமோ என்று பார்த்துக்கொண்டே, ராத்திரி அந்த வேலையைச் செய்யும் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள்.

பொஸ்மன் பிரபு | ஏப்ரல் 16

அகிலா அக்கா மீனைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஸ்ப்ரேயை மட்டும் நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று எப்போதும் இருக்கும். எதிர்க்காற்றில் அடித்தால் கரடிக்கு முன்னால் நமக்குக் கண் போகும். கொட்டும் மழையில் மேகம் கரைந்துவிடும். கூடாரத்துக்குள் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஸ்ப்ரேயைப் பாராட்டும் அதே ஆராய்ச்சியாளர்கள்தான், ஸ்மித்தும் ஹெரேரோவும், துப்பாக்கியைப் பற்றி 2012இல் எழுதினார்கள். அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதத்தில் வேலை செய்தது. ரைஃபிள், ஷாட்கன் 76. கைத்துப்பாக்கி உதவாது என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதே இல்லை.

சோல்டாட்னா அகிலா | ஏப்ரல் 16

பிரபு, அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் பட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. 2008இல் அதே குழு ஸ்ப்ரேயைப் பற்றி எழுதியதில், பழுப்புக் கரடியிடம் 92 சதவீதம், கருங்கரடியிடம் 90 சதவீதம் வேலை செய்தது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. காற்றால் சிக்கல் வந்தது 7 சதவீதச் சம்பவங்களில்.

ஆனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்க்கக் கூடாது, தம்பி. ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் பல, கரடி சும்மா மோப்பம் பிடித்து நெருங்கியவை. துப்பாக்கி வெடித்த சம்பவங்களில் பல, பாய்ந்து வந்தவை. நான் சொல்வதெல்லாம், முதல்முறையாக வருகிற, இரண்டே தடவை ரேஞ்சுக்குப் போன, பக்கத்தில் ஆட்கள் நெருக்கி நிற்கிற கரையில் மகனோடு நிற்கப்போகிற செந்திலுக்கு எது பொருந்தும் என்பது. நீங்கள் ஆளில்லாத மேடிசன் கரையில் தனியாக நிற்பது வேறு.

வன்கூவர் வரதன் | ஏப்ரல் 17

செந்தில் அண்ணை, ஒரு விசயம் சொல்ல வேணும். நீங்கள் சியாட்டில் பக்கத்தில இருக்கிறபடியால் காரில அலாஸ்கா போற யோசினை இருந்தால், கைத்துவக்கோட எங்கட எல்லைக்கு வந்திடாதேங்கோ. கனடாவில 2022 ஒக்டோபரில இருந்து கைத்துவக்கு வாங்கிறது, விக்கிறது, உள்ளுக்குக் கொண்டு வாறது எல்லாம் நிப்பாட்டியாச்சு. அதுக்கு முதலும் காட்டுக்குக் கரடிக்கெண்டு கைத்துவக்குக் கொண்டு போக, பொறிவைச்சுப் பிடிக்கிற ஆக்கள், தூர இடத்தில வேலை செய்யிற ஆக்கள் தவிர மற்றவைக்கு விடேல்லை. அமெரிக்காவில இருந்து மறந்துபோய்க் கொண்டு வந்து எல்லையில பிடிபட்ட ஆக்களின்ர கதை கனக்கக் கேட்டிருக்கிறன்.

அப்ப நாங்கள் என்ன செய்யிறம்? பிரிட்டிஷ் கொலம்பியாவில கரடிக்குக் குறைவில்லை. நான் பதினாறு வருசமா ஸ்கீனா ஆத்துப் பக்கம் போறன், இடுப்பில ஸ்பிரே மட்டும்தான். ஒருக்கா காலமை வளைவில திரும்பேக்க, முப்பது கெஜத் தூரத்தில தாயும் ரெண்டு குட்டியும். கேனைக் கையில எடுத்து, கிளிப்பைக் கழட்டி, மெல்லமாக் கதைச்சுக்கொண்டு பின்னால நடந்தன். யாழ்ப்பாணத்தில அம்மா மாட்டோட கதைக்கிற மாதிரி, "சரி சரி, நான் போறன், நீ நில்லு" எண்டு. அது ரெண்டு தரம் மூசினது, பிறகு குட்டியளோட மேல ஏறிப் போட்டுது. அடிக்கவே தேவைப்படேல்லை. கை நடுக்கம் நிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

பயிற்சிக்கெண்டு மிளகாய் இல்லாத வெறும் கேன் விக்கினம். ரெண்டு வாங்கி மகனையும் அடிச்சுப் பழகச் சொல்லுங்கோ.

ரென்டன் செந்தில் | ஏப்ரல் 19

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நண்பர்களில் ஒருவர் எச்1பி. ரவி கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது.

வரதன் சொன்னபடி வெறும் கேன் வாங்கி நேற்று பின்முற்றத்தில் சோதித்தோம். மகன் 20 மீட்டரில் இருந்து ஓடி வர வேண்டும், நான் எடுத்து அடிக்க வேண்டும். முதல் தடவை கேன் முதுகுப்பையின் பக்கப் பையில் இருந்தது. கையைப் பின்னால் விட்டுத் துழாவி, பட்டையில் மாட்டி, கிளிப்பைத் தேடி, மொத்தம் 9 வினாடி. அதற்குள் அவன் என்னைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். இடுப்பு பெல்ட்டில் வைத்தபோது 4 வினாடி. நெஞ்சுப் பட்டையில் வைத்துப் பத்துத் தடவை பழகிய பிறகு 2 வினாடிக்குக் கீழே வந்தேன். அப்போதும் அவன் பாதித் தூரத்துக்குமேல் வந்திருந்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கேனுக்கே இப்படியென்றால், விசையும் குறியும் உள்ள ஒன்றை எடுத்துச் சரியாகச் சுட எனக்கு எத்தனை மாதம் ஆகும்? இன்னும் துப்பாக்கி எண்ணத்தை விடவில்லை. வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடை) போட்டிருக்கும்போது எங்கே மாட்டுவது, வாஷிங்டனில் வாங்க எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்லுங்கள்.

தூண்டில்காரன் | ஏப்ரல் 19

இடுப்பு ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) மீன்பிடிக்க உதவாது. வேடர்ஸ் மார்புவரை வரும், அதன்மேல் ஒரு பெல்ட், அதன்மேல் முதுகுப்பையின் இடுப்புப் பட்டை. ஆழத்தில் இறங்கினால் துப்பாக்கி தண்ணீருக்குள் போய்விடும். நெஞ்சில் குறுக்காகக் கட்டுகிற ஹோல்ஸ்டர்தான் வழி. விசைப் பகுதி முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிளாக்கில் கையால் போடுகிற தனி லாக் கிடையாது. புதரில் குச்சி உள்ளே நுழைந்தால்கூடப் பிரச்சினை. ஸ்ப்ரேயை எதிர்க் கை பக்கம் வையுங்கள், அவசரத்தில் இரண்டும் குழம்பக் கூடாது.

வாஷிங்டனில் பயிற்சி வகுப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும், அதோடு 10 வேலை நாள் காத்திருக்க வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) 2022 ஜூலையில் இருந்து இங்கே விற்பனைக்கு இல்லை. அதனால் கிளாக் 20இன் 15 தோட்டா என்கிற பெருமை உங்களுக்குக் கிடைக்காது. பிரபு சொன்ன கடின ஈயத் தோட்டாவை கிளாக்கின் சொந்தக் குழலில் போட வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது, உள்ளே ஈயம் படியும். பலர் வேறு குழல் வாங்கி மாற்றுகிறார்கள், அல்லது செம்பு உறை போட்ட தோட்டாவுக்குப் போகிறார்கள். எந்தத் தோட்டாவானாலும் சிக்காமல் ஓடுகிறதா என்று உங்கள் துப்பாக்கியில் 100, 200 சுட்டுப் பார்த்த பிறகே நம்பலாம்.

விமானத்தில் துப்பாக்கி போகும்: தோட்டா எடுத்து, பூட்டிய கெட்டியான பெட்டியில், கவுன்டரில் சொல்லிவிட்டு, செக்-இன் சாமானாக. கரடி ஸ்ப்ரே எந்தச் சாமானிலும் போகாது. அங்கே இறங்கித்தான் வாங்க வேண்டும்.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நெஞ்சிலிருந்து எடுத்து, 7 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுத் தாளில், 3 வினாடிக்குள் இரண்டு தோட்டா. பத்துக்கு ஒன்பது தடவை பட்டால்தான் அந்த வருடம் துப்பாக்கி ஆற்றுக்கு வரும். போன வருடம் தோள்பட்டை வலியில் ஏழுதான் பட்டது. பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போனேன்.

கோத்தகிரி ஜெயந்தி | ஏப்ரல் 20

இந்தத் துப்பாக்கி விஷயம் எனக்குத் தெரியாது. வரதன் அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. கோத்தகிரியில் தேயிலைக்குள் கரடி சாதாரணம். அப்பா விடியற்காலை எஸ்டேட்டுக்குப் போகும்போது பாதை வளைவுக்கு முன்னாலேயே குச்சியால் டீச்செடியைத் தட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு போவார். திடீரென்று எதிரில் பார்த்தால்தான் அது மேலே விழும் என்பார். ஆற்றுச் சத்தத்தில் கரடிக்கு நம் காலடி கேட்காதில்லையா? சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள்.

சோல்டாட்னா அகிலா | ஏப்ரல் 20

ஜெயந்தி சொன்னதுதான் இங்கேயும். கருங்கரடியோ பழுப்புக் கரடியோ, திடுக்கிட வைக்காமல் இருப்பதே பாதி வேலை.

செந்தில், இரவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூடாரத்தில் சாப்பாடு, பற்பசை, மீன்வாடை பிடித்த சட்டை எதுவும் வேண்டாம். வேடர்ஸையும் வெளியே தள்ளி வையுங்கள். முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில் பூட்டுங்கள். தனி இடமென்றால் பேட்டரியில் ஓடும் மின்வேலி கிடைக்கும். நாங்கள் உள்காட்டுக்குப் போகும்போது அதைத்தான் கட்டுகிறோம். ஸ்ப்ரேயும் டார்ச்சும் தலைமாட்டில் தினமும் ஒரே இடத்தில். கொசு மருந்து மாதிரி கூடாரத்தின்மேல் ஸ்ப்ரே அடித்து வைக்காதீர்கள். காய்ந்த மிளகாய் வாடை கரடியைக் கூப்பிடும், விரட்டாது.

மகனுக்கு: ஓடக் கூடாது. திடுக்கிட்ட பழுப்புக் கரடி மேலே விழுந்தால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கையால் மூடி அசையாமல் இருக்க வேண்டும். கருங்கரடியானால் திருப்பி அடிக்க வேண்டும். கூடாரத்துக்குள் எந்தக் கரடி வந்தாலும் திருப்பி அடிக்க வேண்டும். மூஸ் மானை லேசாக எண்ண வேண்டாம், குட்டியோடு இருந்தால் காலால் மிதித்துவிடும். அதற்கு மட்டும் ஓடலாம், மரத்துக்குப் பின்னால் போகலாம்.

ரென்டன் செந்தில் | மே 28

தாமதத்துக்கு மன்னியுங்கள். வகுப்புக்குப் போனேன், சான்றிதழ் வாங்கினேன். நண்பரின் கிளாக் 20ஐ வைத்து அவர் மேற்பார்வையில் ஆறு வாரம், வாரம் ஒரு நாள் ரேஞ்ச். எடை, பிடி எல்லாம் பிடித்திருந்தது. பிரபு சொன்னது சரி, அந்த உதை எனக்குத் தாங்கியது. தூண்டில்காரன் சோதனையைப் போன சனிக்கிழமை செய்தேன். பத்துக்கு நான்கு.

இந்த ஜூலைக்குத் துப்பாக்கி இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆளுக்கு ஒரு ஸ்ப்ரே, நெஞ்சுப் பட்டையில். பயிற்சியை விடப் போவதில்லை. அடுத்த வருடம் பத்துக்கு ஒன்பது வந்தால் கிளாக் 20 வாங்குவேன். அதற்கு முன்னால் வீட்டில் பெட்டகம் பதிப்பேன். மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

பொஸ்மன் பிரபு | மே 28

நான் துப்பாக்கி பக்கம் பேசினவன், ஆனாலும் இது சரியான முடிவுதான். ஆறு வாரத்தில் நான்கு வருவது நல்ல ஆரம்பம். விசையை இழுக்கும் வேகத்தை விட்டுவிட்டு எடுக்கும் வேகத்தில் கவனம் வையுங்கள், எண்ணிக்கை தானாக ஏறும். வெறும் துப்பாக்கியில் வீட்டிலேயே தினம் பத்து நிமிடம் பழகலாம். தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு.

ரென்டன் செந்தில் | ஆகஸ்ட் 3

திரும்பி வந்துவிட்டோம். நான்கு நாளில் கரடியை மூன்று தடவை பார்த்தோம். இரண்டு தூரத்தில், அக்கரையில்.

மூன்றாவது, இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணி. மூடுபனி. மகன் முழங்கால் தண்ணீரில், எனக்கு இடப்பக்கம். அவன் தூண்டிலில் நல்ல மீன், கழி வளைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்ற ஒருவர் "பேர்!" (கரடி) என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஆற்றின் வளைவில், ஏறக்குறைய 40 மீட்டரில், இளம் பழுப்புக் கரடி தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை, மீன் துள்ளுகிற இடத்தைத்தான் பார்த்தது.

நான் சொல்வதற்கு முன்னால் மகன் பல்லால் நூலைக் கடித்துப் பார்த்தான், அறுபடவில்லை. பிறகு சட்டையில் தொங்கிய கத்தரியை எடுத்து வெட்டினான். கழி படக்கென்று நிமிர்ந்தது. மீன் போய்விட்டது. துள்ளல் நின்றதும் கரடி நின்றது. தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. நான் கேனை எடுத்து கிளிப்பைக் கழற்றியிருந்தேன். எடுத்தது ஞாபகமே இல்லை, கை தானாகச் செய்திருக்கிறது. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே கரையேறி ஒன்றாக நின்றோம். அது எங்கள் இடத்துக்கு வந்து, யாரோ விட்டுப்போன ஒரு மீன் தலையைத் தேடி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

எனக்கு வலப்பக்கம் 2 மீட்டரில் ஒரு தாத்தாவும் பேத்தியும், பின்னால் இருபது பேர். அந்த நேரத்தில் என் நெஞ்சில் துப்பாக்கி இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேனா, எந்தப் பக்கம் நீட்டியிருப்பேன் என்று விமானத்தில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அகிலா அக்கா, உங்கள் வீட்டு மீன் குழம்புக்கு மகன் மறுபடியும் நன்றி சொல்லச் சொன்னான்.

சோல்டாட்னா அகிலா | ஆகஸ்ட் 3

அந்தக் கத்தரியை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள், சந்தோஷமாக இருக்கிறது.

விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று நீங்கள் விட்டுப்போன நான்கு கேனும் எங்கள் கராஜில் இருக்கிறது, வெயில் படாத அலமாரியில். ஒன்றுகூட அடிக்கவில்லை, காலாவதிக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வருவதாக எனக்குத் தனியாக எழுதின சான் ஹோசே குடும்பம், புதிதாக வாங்க வேண்டாம். சோல்டாட்னா வந்ததும் செய்தி அனுப்புங்கள். நெஞ்சுப் பட்டை மட்டும் உங்கள் அளவுக்கு எடுத்து வாருங்கள்.